சீதனம் வேண்டாத மாப்பிள்ளையின் கால்பெட்டி

சீதனம் வேண்டாம் என்று லியோன் சொன்னதும் நீக்கிலாப்பிள்ளை வீட்டு விறாந்தையில் இருந்த எல்லாருக்கும் பேச்சு மூச்சு நின்றுபோயிற்று. கலியாணம் பேசிக் கூட்டிவந்த சிமியோன், வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்து கன்னம் புடைக்க அப்படியே இருந்தார். யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான குருநகரில் பாதிக் கலியாணங்கள் அவர் பேசி முடித்தவை. வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் இழுபறிப்பட்டு, கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போன மாப்பிள்ளைமாரை அவர் நிறையக் கண்டிருக்கிறார். ஒன்றும் வேண்டாம் என்ற மாப்பிள்ளையை அன்றுதான் கண்டார்.

“நான் சீதனத்துக்கு எதிரான ஆள்,” என்றான் லியோன், கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டு. “நான் ஒரு கலைஞன். என்னை ஒருத்தரும் விலைக்கு வாங்கேலாது.”

பக்கத்தில் இருந்த அவனுடைய தாய் செபஸ்தியம்மா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகட்டில் பார்க்க ஒன்றும் இல்லை.

கதவுக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டுடன் நின்ற மக்டலீனுக்குக் கண் கலங்கிவிட்டது. நீக்கிலாப்பிள்ளையின் ஒரே மகள் அவள். தாய் இல்லை. ஒரே தமையன் சந்தியோகு ஜேர்மனியில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். யாழ்ப்பாணப் பட்டினத்தில் பஞ்சலிங்கம் மாஸ்ரரின் தட்டெழுத்து நிலையத்தில் படிப்பிக்கப் போய்வருகிற அவளுக்கு அதுவரை இரண்டு சம்பந்தம் வந்து இரண்டும் குழம்பிப்போயிருந்தன. முதலாமவன் எஞ்சின் கேட்டான். இரண்டாமவன் எஞ்சினோடு வீட்டில் பாதியும் கேட்டான். மூன்றாவதாக வந்தவன், அதுவும் பெருநாள் மேடையில் கிற்றார் வாசித்தபோது அவள் கண் வாங்காமல் பார்த்திருந்த லியோன், ஒன்றுமே வேண்டாம் என்கிறான். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? தட்டில் தேத்தண்ணி ஆறுகிறதை மறக்கிற அளவுக்குப் பிடித்திருந்தது.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் லியோன் தொண்டையைச் செருமினான்.

“ஒரு கதைக்குத்தான் சொல்லுறன். ஜேர்மனியிலை இருக்கிற மச்சான் ஆசைப்பட்டால், எனக்கொரு சின்னச் சாமான் அனுப்பலாம். சீதனமா இல்லை. ஒரு அன்பளிப்பா.”

முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த செபஸ்தியம்மா சட்டென்று கீழே இறங்கி வந்தாள். “ஓம், அன்பளிப்பெண்டால் வேறை,” என்றாள்.

வேறைதான். யாழ்ப்பாணத்தில் அன்பளிப்பு என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆள்கள் வீடு கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சின்னச் சாமானின் கதை இதுதான். கப்பலில் வேலை செய்கிற ஒன்றுவிட்ட தமையன் ஒருவன், சிங்கப்பூரில் இருந்து லியோனுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தான். கிற்றாரை அதில் கொழுவிவிட்டால் அது கிற்றாரின் சத்தத்தை மாற்றித் தரும். ஒரு இலக்கத்துக்கு எதிரொலி, இன்னொரு இலக்கத்துக்கு அழுகிற சத்தம், வேறொன்றுக்குக் கோயில் ஆர்மோனியம் மாதிரி இழுவை. இப்படித் தொண்ணூற்றொன்பது சத்தம். குருநகரில் அப்படி ஒரு பெட்டி வேறு ஆரிடமும் இல்லை என்பது லியோனுக்கு, பெட்டியைவிடப் பெரிய சந்தோசம்.

ஆனால் பெட்டியில் ஒரு கரைச்சல் இருந்தது. இலக்கத்தை மாற்ற விரலால் அமத்தவேண்டும். கிற்றார் வாசிக்கிற மனிதனுக்கு இரண்டு கையும் கிற்றாரில் இருக்குமே! எனவே பாட்டு நடுவில் லியோன் வாசிப்பை விட்டுவிட்டு, சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குனிந்து, இலக்கம் தேடி அமத்துவான். அவன் நிமிரும்வரை பாட்டுக்காரன் அதே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டு நிற்பான். பெருநாள் மேடையின் முன் வரிசையில் இருந்த பெடியள், அவன் குனியும் ஒவ்வொரு தடவையும் விசிலடித்தார்கள். அது தன் வாசிப்புக்கு விழுந்த விசில் என்று லியோன் கனநாள் நம்பியிருந்தான்.

உண்மை தெரிந்த நாளில் இருந்து அவனுக்கு ஒரே யோசனைதான். நிலத்தில் வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி ஒன்று வேண்டும். மிதித்தால் அது ஒரு வயர் வழியாக இலக்கத்தைச் சத்தப்பெட்டிக்குச் சொல்லிவிடும். அதன் பெயர் மிடி புட் கொன்ட்ரோலர். லியோன் அந்தப் பெயரைப் பூசை மந்திரம் போல ஒவ்வொரு எழுத்தாக உச்சரிப்பான். ஊர் அதைக் கால்பெட்டி என்றது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு அது. சந்தியில் இந்திய ஆமி நின்றது. கரண்ட் வரும், போகும். ஊரடங்கு போடுவார்கள், எடுப்பார்கள். இதற்குள் கடிதம் ஒன்று ஜேர்மனிக்குப் போய், அதற்குப் பதிலாகச் சந்தியோகு ஒரு பாட்டுச் சாமான் கடையின் விளம்பரப் புத்தகத்தை அனுப்பிவைத்தான். புத்தகம் முழுக்க ஜேர்மன் மொழி. சிமியோன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல தாள் என்றார்.

அதில் மூன்று கால்பெட்டிகளின் படம் இருந்தது. முதலாவது சின்னது, ஐந்து சுவிச்சு. இரண்டாவதில் பத்துச் சுவிச்சும் இலக்கம் தெரிகிற சின்னக் கண்ணாடியும். மூன்றாவதில் பதினைந்து சுவிச்சு. அதோடு காரில் இருக்குமே, அதைப் போல அமத்தி அமத்திச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிதி இரண்டு. அது ஒரு பெரிய பலகை. அதன்மேல் ஒரு பிள்ளையைப் படுக்கவிடலாம்.

சத்தப்பெட்டியோடு வந்த இங்கிலிசுப் புத்தகத்தை லியோன் ஏற்கெனவே மக்டலீனிடம் கொடுத்து, வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லியிருந்தான். கலியாணம் பேசியபின் அவன் அவளுக்குக் கொடுத்த முதல் சாமான் அந்தப் புத்தகம். அவள் அதை, அவன் வாங்கித் தந்த சட்டைத் துணிபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் போகும்போதும் வரும்போதும் வாசித்தாள். அவனுடைய உலகத்துக்குள் போவதற்கு அதுதான் படலை என்று நினைத்தாள், பாவம்.

விளம்பரப் புத்தகம் வந்த பின்னேரம் லியோன் பொம்பிளை வீட்டுக்கு வந்தான். மக்டலீன் தலையை வாரி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இருந்தாள். கலியாணத் திகதி பேசத்தான் வந்திருக்கிறான் என்று தகப்பன் நீக்கிலாப்பிள்ளையும் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். லியோன் புத்தகத்தை விரித்தான்.

“எதை எடுக்கலாம்?”

மக்டலீன் தான் வாசித்ததை வைத்து யோசித்துச் சொன்னாள். “சின்னதே காணும்போலை கிடக்கு. கால்பெட்டியிலை சத்தம் ஒண்டும் இல்லை. அது இலக்கத்தை மட்டும்தான் சொல்லுது. ஐஞ்சு சுவிச்சிலை ஒண்டாலை வரிசையை மாத்தி மாத்திப் போனால் தொண்ணூற்றொன்பதுக்கும் போகலாம். அதோடை நீங்கள் மேடையிலை வாசிக்கிறது மூண்டு நாலு சத்தம்தானே.”

லியோன் சிரித்தான். படிச்ச பெட்டையளைக் கட்டப்போகிற மாப்பிள்ளைமார் சிரிக்கிற சிரிப்பு.

“மக்டலீன், உமக்கு உது விளங்காது. இண்டைக்கு நாலு சத்தம். நாளைக்கு நான் கொழும்பிலை வாசிச்சால்? வெளிநாட்டிலை வாசிச்சால்? அந்த மேடையிலை நான் ஐஞ்சு சுவிச்சோடை போய் நிக்கிறதோ?”

“பத்தை எடன் தம்பி,” என்றார் சிமியோன். “ஐஞ்சிலும் பத்துப் பெரிசெல்லே.” இது சிமியோன் எல்லாக் கலியாணப் பேச்சிலும் சொல்லுகிற நியாயம். பவுண் கணக்குக்கும் அவர் இதைத்தான் சொல்லுவார்.

பத்து என்று முடிவாயிற்று. அதைச் சந்தியோகுவுக்குச் சொல்லவேண்டியவள் மக்டலீன். வீட்டில் ரெலிபோன் இல்லை. பஞ்சலிங்கம் மாஸ்ரரின் தட்டெழுத்து நிலையத்தில்தான் இருந்தது. சந்தியோகு அங்கேதான் எடுப்பான். ரெலிபோன் மணி அடித்ததும் தட்டெழுத்து மிசின்கள் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். படிக்கிற பெட்டையள் தலையைக் குனிந்துகொண்டு காதை மட்டும் நீட்டுவார்கள். வெளிநாட்டு லைன் இழுக்குமென்பதால் கத்தித்தான் கதைக்கவேண்டும்.

“அண்ணை! பத்துச் சுவிச்சு! பத்து! ஓம், காலாலை மிதிக்கிறது!”

“கலியாணம் எப்ப தங்கச்சி?” என்று ஜேர்மனியில் இருந்து சந்தியோகு கத்தினான்.

“அது இன்னும் சொல்லேல்லை!”

பெட்டையள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சலிங்கம் மாஸ்ரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சுகமோ எண்டு கேக்காமலே வைச்சிட்டீரே பிள்ளை,” என்றார். மக்டலீனுக்குக் காது சுட்டது.

அடுத்த முறை லியோனைப் பார்க்கப் போனபோது அவன் வீட்டுக் கூடத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. அயல்சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. லியோன் ஒரு பலகையில் விளம்பரப் புத்தகத்தில் உள்ள அளவுப்படி கோடு கீறி, சுவிச்சு வருகிற இடமெல்லாம் சோடா மூடி வைத்து ஆணி அடித்திருந்தான். கிற்றாரைத் தோளில் போட்டு, மேடைக்குப் போடுகிற கூர்மூக்குச் சப்பாத்தோடு அந்த மூடிகளை மிதித்துப் பழகிக்கொண்டிருந்தான். சாமான் இன்னும் ஜேர்மனியில். இங்கே அவன் சோடா மூடியில் உலகப் பயணம் போய்க்கொண்டிருந்தான்.

“மக்டலீன், ஒரு பிரச்சினை,” என்றான் அவளைக் கண்டதும். வா என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. “ஒண்டை மிதிச்சால் ரெண்டு அமருது. பாரும்.”

மிதித்துக் காட்டினான். உண்மைதான். அவன் பாட்டன் பூட்டன் எல்லாம் ஆடுகிற வள்ளத்தில் விரல் விரித்து நின்று வலை இழுத்தவர்கள். லியோன் கடலை விட்டு மீன்பிடிச் சங்கத்தில் எழுத்து வேலைக்குப் போய் ஐந்தாறு வருடம் ஆகியும் அவன் பாதம் இன்னும் கடலில்தான் நின்றது. அந்தப் பாதத்தைக் கூர்மூக்குச் சப்பாத்துக்குள் அடைத்தால், அது இரண்டு மூடிக்குக் குறைய இடம் கேட்காது.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மிதிச்சுப் பாருங்கோவன்,” என்றாள் மக்டலீன். “வெறுங்காலெண்டால் பெருவிரலாலை ஒண்டை மட்டும் அமத்தலாமெல்லே.”

“வெறுங்காலோடை மேடையிலை நிக்க நான் என்ன கரைவலை இழுக்கிறவனே?”

இதைச் சொன்னபோது கரைவலை இழுத்தே அவனை வளர்த்த மனிதரின் படம் சுவரில் பூமாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. செபஸ்தியம்மா புருசனின் படத்தையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. மக்டலீனைத்தான் பார்த்தாள்.

“அந்தப் பெரிசிலை சுவிச்செல்லாம் தள்ளித் தள்ளியெல்லே கிடக்கு பிள்ளை,” என்றாள். “அதை அனுப்பச் சொன்னால் என்ன? உன்ரை அண்ணன் உங்களுக்கு இல்லாமல் ஆருக்கு உழைக்கிறான்?”

பிறகென்ன, பதினைந்து. காலைச் சப்பாத்துக்கு ஏற்ற மாதிரி வெட்ட முடியாது. சப்பாத்தையும் கழற்ற முடியாது. ஆகவே ஜேர்மனியில் உள்ளவன் பெட்டியை மாற்றவேண்டும். மறுபடியும் மிசின்கள் நின்றன. மறுபடியும் மக்டலீன் கத்தினாள். சந்தியோகு பத்துச் சுவிச்சுப் பெட்டியை வாங்கிக் கட்டி வைத்துவிட்டிருந்தான். அதைத் திருப்பிக்கொண்டு போய்க் கடைக்காரனிடம் பேச்சு வாங்கி, இன்னும் இரண்டு சனிக்கிழமை கூடுதலாகக் கோப்பை கழுவி, பெரிய பெட்டியை எடுத்தான். பெட்டி எடுத்தாயிற்று என்று ரெலிபோனில் சொன்னபோது அதையெல்லாம் அவன் சொல்லவில்லை. அவனுடைய குரலில் இருந்த களைப்பில் அவளுக்கு விளங்கியது. ரெலிபோனை வைத்துவிட்டு, தண்ணி குடிக்கப் போகிற சாட்டில் கிணற்றடிக்குப் போய் அழுதாள்.

இதற்குள் ஒரு நல்ல செய்தி வந்தது. கால்பெட்டி கொழும்புக்கு வருகிற ஒருவரின் கையில் கொடுத்தாயிற்று. அதைக் கேட்ட மறுநாளே செபஸ்தியம்மா கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமியிடம் போனாள். கோயிலில் கலியாண ஓலை வாசிக்கத் தொடங்கலாம் என்றாள். ஊர் வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை, பொம்பிளை பெயரை வாசிப்பார்கள். மூன்றும் வாசித்து முடிந்தால்தான் தாலி. முதலாம் ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறு வாசித்தார்கள். மக்டலீனுக்கு இரண்டு நாளும் நிலத்தில் கால் பாவவில்லை. கூறைச் சேலை எடுக்கத் தகப்பனோடு பட்டினத்துக் கடைக்கும் போய்வந்தாள்.

மூன்றாம் ஞாயிறு பூசையில் அவள் பெயர் வரவில்லை.

பூசை முடிந்ததும் நீக்கிலாப்பிள்ளை சுவாமியிடம் ஓடினார். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள் என்று சுவாமி சொன்னார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. சிமியோனுக்குத் தெரிந்திருந்தது. ஜேர்மனியில் இருந்து வருகிற ஆளின் பயணம் பிந்திவிட்டதாம். பெட்டி கைக்கு வரட்டும், பிறகு மூன்றாவதை வாசிக்கலாம் என்று செபஸ்தியம்மா சொல்லிவிட்டாளாம்.

இரண்டு ஓலையில் நிற்கிற பெட்டை என்றால் என்ன என்று குருநகரில் பிறந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஓலையே வாசிக்காதவளுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றும் வாசித்தவளுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டில் நின்றவளைத்தான் மீன் சந்தையிலும் பஸ்சிலும் கோயில் வாசலிலும் சனம் மேலும் கீழும் பார்க்கும். என்ன நடந்ததோ என்று வாய் கேட்காது, கண் கேட்கும். அந்தக் கிழமைகளில் மக்டலீன் வேலைக்குப் போக வேறு ஒழுங்கையால் சுற்றிப் போனாள்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் லியோன் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

“ஏன் மூண்டாவது ஓலையை நிப்பாட்டினனீங்கள்?”

லியோன் சோடா மூடிப் பலகையில் இருந்து இறங்கவில்லை. “கோவியாதையும் மக்டலீன். பெட்டி இல்லாமல் கலியாண நாளிலை நான் என்னெண்டு வாசிக்கிறது?”

“கலியாணத்தண்டு நீங்கள் வாசிக்கப் போறியளோ?”

“பின்னை? என்ரை கலியாணத்துக்கு நான் வாசிக்காமல் வேறை ஆர் வாசிக்கிறது? அண்டைக்குத்தானே எல்லாச் சனமும் வரும்.”

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளை இன்னும் கோபப்படுத்தியது. கள்ளம் இருந்தால் கண்டுபிடித்துச் சண்டை பிடிக்கலாம். இவன் உண்மையாகவே, பிள்ளை மனதோடு, பெட்டியை நினைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து தகப்பனிடம் சொன்னாள். “பொறு மோளை,” என்றார் நீக்கிலாப்பிள்ளை. “ரெண்டு தரம் குழம்பினது. இதையும் குழப்பிப்போடாதை. வாற சாமான் வந்தால் எல்லாம் சரிவரும்.” அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பொறுத்தாள்.

ஒருவழியாகப் பெட்டி கொழும்புக்கு வந்து சேர்ந்தது. எடுத்துவரச் சிமியோன் போனார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நித்திரை கொள்ளாமல் வந்து சேர்ந்தார். பொம்பிளை வீட்டால்தான் கொடுக்கவேண்டும் என்பதால் நேராக நீக்கிலாப்பிள்ளையின் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். செய்தி கேட்டு லியோன், சத்தப்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு, தாயோடு வந்து சேர்ந்தான். அவன் கட்டு அவிழ்க்க, சிமியோன் வழிக்கதை சொன்னார்.

“ஆமிக்காரன் சென்றியிலை மறிச்சுப்போட்டான். பெட்டியைத் திறந்து பார்த்தான். சுவிச்சும் வயரும். எனக்கு நெஞ்சு படக்கெண்டு போச்சு. எல்லாரையும் பஸ்சாலை இறக்கிப்போட்டாங்கள். நல்லகாலம், ஒருத்தன் எங்கடை பாசை கதைக்கிற பெடியன். மெட்ராஸ் பக்கமாம். இது என்னய்யா எண்டு கேட்டான். எனக்கு அந்த இங்கிலிசுப் பேர் வாயிலை வருகுதில்லை. சீதனம் எண்டு சொன்னன்.”

லியோனின் கை நின்றது.

“அவன் சிரிச்சான் பாருங்கோ,” என்றார் சிமியோன், தன் கதையில் தானே மயங்கி. “‘எங்க ஊர்லயும் உண்டுய்யா. ஆனா ஸ்கூட்டர் கேப்பாங்க. இத எதுக்குக் கேட்டாரு உங்க மாப்பிள்ளை, மிதிக்கிறதுக்கா?’ எண்டான். ஓம் ராசா, மிதிக்கிறதுக்குத்தான் எண்டன். போ எண்டு விட்டிட்டான்.”

நீக்கிலாப்பிள்ளை சிரிக்கத் தொடங்கி, மகளின் முகத்தைக் கண்டு நிறுத்தினார்.

“சிமியோன் மாமா, ஏன் சீதனமெண்டு சொன்னனீங்கள்?” என்றான் லியோன், உண்மையாகவே மனம் நொந்து. “அன்பளிப்பெண்டெல்லே சொல்லியிருக்க வேணும். நாலு சனத்துக்கு முன்னாலை என்ரை மரியாதை என்னாகிறது?”

அவனுக்கு வலித்த இடம் அது ஒன்றுதான்.

பிறகு பெட்டியை விறாந்தையில் வைத்தார்கள். ஜேர்மன் பிளக் எங்கள் சொக்கெற்றில் நிற்காது. தீக்குச்சி வைத்து இறுக்கினார்கள். சிவப்பு வெளிச்சம் பற்றியது. லியோன் கிற்றாரைக் கொழுவி முதலாவது சுவிச்சை மிதித்தான். எதிரொலி. இரண்டாவதை மிதித்தான். அழுகிற சத்தம். செபஸ்தியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். சப்பாத்துக்கு ஒரு சுவிச்சு மட்டும் அமர்ந்தது. பெட்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. லியோன் ஒரு சுற்றுப் பதினைந்தையும் மிதித்து முடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த மூன்று சத்தத்துக்குத் திரும்பி வந்து, அதிலேயே நின்று அரைமணித்தியாலம் வாசித்தான்.

மக்டலீன் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். கலியாணம் பேசி வந்த நாளில் இருந்து இன்றுவரை அவன் தன்னிடம் என்ன கேட்டிருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தாள். இங்கிலிசுப் புத்தகத்தை விளங்கப்படுத்தக் கேட்டான். அண்ணைக்குச் சொல்லக் கேட்டான். பொறுக்கக் கேட்டான். இப்போதாவது நிமிர்ந்து ஒருக்கால் பார்ப்பான் என்று நின்றாள். பார்த்தால் போதும், மற்றதெல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அவ்வளவுக்கு அவள் இறங்கி வந்திருந்தாள்.

லியோன் நிமிர்ந்தான். முகம் முழுக்கச் சந்தோசம்.

“மக்டலீன், இஞ்சை வாரும்!”

அவள் நெஞ்சு ஒருமுறை துள்ளிற்று. போனாள்.

“இந்த வயர் லூசாக் கிடக்கு. கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிரும்.”

குந்தியிருந்து வயரைப் பிடித்தாள். அவன் பாட்டை முடிக்கும்வரை பிடித்தாள். அவளுடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கூர்மூக்குச் சப்பாத்து ஏறி ஏறி இறங்கியது. பாட்டு முடிந்ததும், இந்த ஞாயிறே மூன்றாவது ஓலையை வாசிக்கச் சொல்லலாம் என்று செபஸ்தியம்மா பெரிய மனசோடு அறிவித்தாள்.

“ஓம் மாமி,” என்றாள் மக்டலீன். “வாசிக்கச் சொல்லுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. சனம் ஓலைக்குக் கொஞ்சமும் கால்பெட்டிக்கு அதிகமுமாக வந்திருந்தது. சந்தோசத்தில் லியோன், பாடகர் குழுவுக்கு இன்று தானே வாசிப்பதாகச் சொல்லி, பீடத்துக்கு வலப்பக்கம் சத்தப்பெட்டி, கால்பெட்டி, வயர் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தான். காணிக்கைப் பாட்டுக்கு அவன் ஆர்மோனியச் சத்தத்தை மிதிக்க, கோயில் ஆர்மோனியக்காரர் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் சுவாமி கடதாசியை எடுத்தார். பெயர்களை வாசித்தார். இன்னாரின் மகன், இன்னாரின் மகள், இது மூன்றாம் முறை. “இவர்களின் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் உடனே அறிவிக்கக் கடவார்கள்,” என்று, வழமைபோல ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கடதாசியை மடிக்கப் போனார்.

“சுவாமி, தடை இருக்கு.”

பெண்கள் பக்கத்தில், நடு வரிசையில், மக்டலீன் எழும்பி நின்றாள். சுவாமி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அத்தனை வருடமாக வாசிக்கிற வசனத்துக்கு ஒருவர் பதில் சொன்னது அவருக்கு இதுதான் முதல்தடவை.

“ஆர் பிள்ளை நீர்?”

“பொம்பிளை சுவாமி.”

சுவாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “என்ன தடை?” என்று கேட்டுவிட்டார்.

“இவர் எங்கடை வீட்டிலை வந்து கேட்டது கால்பெட்டியை. அது போன கிழமை அவரிட்டைப் போய்ச் சேர்ந்திட்டுது,” என்றாள். “என்னை இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை சுவாமி.”

செபஸ்தியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஏதோ கத்தினாள். சிமியோன் ஆண்கள் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் மெதுவாக மறைந்தார். நீக்கிலாப்பிள்ளை எழும்பினார். பொறு மோளை என்று இத்தனை நாளும் சொன்ன மனிதர், மகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பதற்காகப் பீடத்துக்கு முன்னால் குறுக்கே நடந்தார்.

அவர் தன் பக்கமாக வருவதைக் கண்டான் லியோன். அவன் மக்டலீனைப் பார்க்கவில்லை. சட்டென்று குனிந்து, வயரைப் பிடுங்கி, கால்பெட்டியைத் தூக்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

நீக்கிலாப்பிள்ளை அவனைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போய்விட்டார். லியோன் இன்னும் பிடியை விடவில்லை. கோயில் முழுக்க அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பங்குச் சுவாமியும் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஓலையை நாலாக மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். சாட்சி வேறு யாரையும் அவர் கேட்கவில்லை.